கரியும் கனநீரும்

வடசென்னைக் கரையின் சரித்திரம்: இருபத்துமூன்றாம் அத்தியாயம்

சென்ற அத்தியாயத்தை, 1970-ஆம் வருஷம் மார்ச் மாதம் 31-ஆம் தேதி எண்ணூரில் முதலாவது அனல்மின் யந்திரம் சுழலத் தொடங்கிய விருத்தாந்தத்தோடு நிறுத்தியிருந்தோம். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில், அதுவரை உப்பளமும் மீன்குப்பமும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்த பூமியில், 60 மெகாவாட் திறனுள்ள அந்த யந்திரத்துக்கு இரை போடும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பட்டணத்துக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் சமீபத்திலுள்ள கல்பாக்கத்தில், கரியே வேண்டாத மற்றொரு மின்நிலையத்தை நிர்மாணிக்கும் முயற்சி ஆரம்பமாயிற்று. எண்ணூரின் கதையைத் தொழிற்பேட்டைகளின் சரித்திரத்திலும், கல்பாக்கத்தின் கதையை விஞ்ஞானத்தின் சரித்திரத்திலும் வைத்துத் தனித்தனியே சொல்வதுதான் வழக்கம். நான் இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லப் போகிறேன்; அப்படிச் சொன்னாலன்றி அணுசக்தியின் பிரயோஜனமும் அபாயமும் இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு என்ன அர்த்தமுடையவை என்பது விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு ஊர்களையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு ஒன்று பூமியின்மேலேயே கிடக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் என்று இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்த நீர்வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரையில் வெட்டுவித்ததாகும். பிற்பாடு வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழை ஜனங்களின் உழைப்பால் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்ட பிறகு, அந்நாளைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதன் நீர் எண்ணூர்க் கழிமுகத்தைத் தொட்டு, பேசின் பாலத்தின் அருகே ஊருக்குள் புகுந்து, மயிலாப்பூரைக் கடந்து, உப்பங்கழிகளினூடே தெற்கே சென்று, கல்பாக்கத்து அணுவுலைகளின் மேற்குப் புறமாக ஓடுகிறது. அந்த உலைகள் ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் கோக்ரேன் தொடங்கிவைத்த கால்வாயுமாக, நடுவே குறுகிய மணல்திட்டில் நிற்கின்றன.

இந்தக் கால்வாய்தான் வெகுகாலம் சென்னையின் அடுப்புகளுக்கு நெருப்பூட்டியது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்தும் ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்தும் சவுக்கு விறகை ஏற்றிக்கொண்டு, பாய் விரித்தும், காற்றில்லாத நாட்களில் கரையிலே கயிறு கட்டி ஆட்கள் இழுத்தும், படகுகள் வந்தவண்ணம் இருந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்து, பேசின் பாலத்தருகே ஒரு தனியார் கம்பெனியின் மின்சார நிலையம் எழுந்து, 1947-ஆம் வருஷம் அது சர்க்கார் வசமான காலத்தில், விறகின் ஆதிக்கம் தளர்ந்து கரியின் ஆதிக்கம் வந்துவிட்டது. நம்முடைய ராஜ்யத்திலோ நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைத் தவிரப் பூமிக்கடியில் கரி இல்லை. சிங்கரேணியிலிருந்து ரயிலிலோ, வங்காளத்து ஹால்டியாவிலிருந்தும் ஒரியாவின் பாரதீப்பிலிருந்தும் கப்பலிலோ வந்தால்தான் உண்டு. இந்தக் கப்பல் போக்குவரத்துக்கென்றே 1974-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பூம்புகார் கப்பல் கழகம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. பிகாரிலே ஒரு சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் தண்டையார்பேட்டையில் விளக்கு மங்கும் என்ற நிலைமை.

கல்பாக்கம் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. ஹோமி பாபா என்ற மேதை 1956-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் டிராம்பேயில் அப்ஸரா என்ற சிறிய ஆராய்ச்சி உலையை இயக்கிக் காட்டியபோதே, கரிச் சுரங்கங்களுக்கு வெகு தொலைவிலுள்ள மேற்குக் கரைக்கும் தென்னாட்டுக்கும் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டிருந்தது. 1966-ஆம் வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி அவர் அகால மரணமடைந்தார். ஆயினும் 1969-ல் பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் அமெரிக்க உலைகள் மின்சாரம் தந்தன. ராஜஸ்தானத்தில் கனடா தேசத்தின் ஒத்தாசையோடு வேலை நடந்தது. மூன்றாவதாகக் கல்பாக்கம் வந்தது.

அணுவுலையின் யந்திர தத்துவத்தைச் சற்று நின்று பார்ப்பது உசிதம். எண்ணூரில் நடப்பதும் கல்பாக்கத்தில் நடப்பதும் பாதி வழிவரையில் ஒன்றே. தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கி, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி, சக்கரத்தால் மின்சாரம் பிறப்பிக்கிறார்கள். மிஞ்சிய உஷ்ணத்தைக் கடல்நீரில் கழித்துவிடுகிறார்கள். வித்தியாசம் அடுப்பில் இருக்கிறது. பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக, 0.7 பங்கு மாத்திரமே, எளிதில் பிளக்கக்கூடிய 235 என்ற வகை உண்டு. அந்த அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது இரண்டாகப் பிளந்து, பெரும் உஷ்ணத்தையும், மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. வேகமாகப் பாயும் இவற்றின் வேகத்தைத் தணித்தாலொழிய அவை அடுத்த கருவை எளிதில் பிளக்க மாட்டா. சாதாரண நீர் வேகத்தைத் தணிக்கும். ஆனால் நியூட்ரான்களை விழுங்கியும் விடும். கனநீர் விழுங்காமல் தணிக்கும். சாதாரண நீரிலே சுமார் 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று வீதம் கனமான ஹைட்ரஜன் கலந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பதுதான் கனநீர் தயாரிப்பு. அதற்காகும் பிரயாசையும் செலவும் கொஞ்சமல்ல. தூத்துக்குடியில் 1978-ல் தொடங்கிய கனநீர்த் தொழிற்சாலை இந்தக் காரியத்துக்காகவே ஏற்பட்டது.

கல்பாக்கத்து உலை ஒன்றில் 306 குழாய்கள் படுக்கைவாட்டில் செருகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குழாயிலும் பன்னிரண்டு எரிபொருள் கட்டுகள். கட்டு ஒன்று ஏறக்குறைய அரை மீட்டர் நீளமும் பதினாறு கிலோ எடையும் உள்ளது. நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எடுப்பதுபோல ஒருவர் இரு கைகளாலும் தூக்கிவிடலாம். உலை முழு மூச்சில் வேலை செய்யும் நாளில் எட்டுக் கட்டுகளை மாற்றினால் போதும். அதாவது சுமார் நூற்றுப்பத்துக் கிலோ யுரேனியம். அதே மின்சாரத்தை எண்ணூரில் எடுக்க வேண்டுமானால் 3,500 டன் கரி வேண்டும்; ஏறக்குறைய அறுபது வாகன்கள் கோத்த முழு கூட்ஸ் ரயில் ஒன்று தினந்தோறும் வந்து காலியாக வேண்டும். திருவொற்றியூர் ரயில்வே கேட்டிலே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளிகளும் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று நின்று, கரி வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு ரயிலுக்கும் எட்டுக் கட்டுகளுக்கும் உள்ள தாரதம்மியத்தை நான் அதிகமாக விளக்க வேண்டியதில்லை.

1974-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி பொக்ரானில் இந்தியா அணுவெடிப்பைச் சோதித்தது. அதனால் கோபமடைந்த கனடா தன் ஒத்தாசையை நிறுத்திக்கொண்டது. அணுவின் நற்பயனும் துர்ப்பயனும் ஒரே விதையில் இருக்கின்றன என்பதைத் தேசம் அனுபவபூர்வமாக உணர்ந்த தருணம் அதுவென்று நினைக்கிறேன். ஆராய்ச்சிக்கென்று கிடைத்த உலையிலிருந்துதான் அந்தக் குண்டுக்கான புளூட்டோனியம் வந்தது. ஆனால் அந்தப் பகிஷ்காரத்தின் மத்தியிலும் கல்பாக்கத்து வேலை நிற்கவில்லை. நம்முடைய தேசத்துத் தொழிற்சாலைகளே உலைக்கலத்தையும் நீராவிக் கொதிகலங்களையும் வார்த்து, உருக்கி, கடைந்து கொடுத்தன. கனநீர்த் தட்டுப்பாட்டால் வருஷங்கள் தள்ளிப்போயின. முடிவில் 1983-ஆம் வருஷம் ஜூலை 2-ஆம் தேதி முதல் உலையில் தொடர்வினை மூண்டது, அதே மாதம் 23-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அதைத் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். இரண்டாவது உலை 1985 ஆகஸ்டில் மூண்டது. அந்நிய உதவி நின்றுபோன பிறகு நம்மவர்கள் தாமே நின்று முடித்த காரியம் இது. இதில் பெருமை கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. இனிமேல் நான் சொல்லப் போகிற குறைகளெல்லாம் இந்தப் பெருமையை மறந்து சொல்லுகிறவை அல்ல.

இங்கே பழைய விஷயம் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணிற வலை இருக்கிறதே, தொட்டால் பொடியாகிவிடும் அந்த மேன்டில், அது பெரும்பாலும் தோரியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடால் ஆனது. 1909-ல் கன்னியாகுமரிக்கருகே மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததும், மேன்டில் வியாபாரத்துக்காகவே அந்த மணலைத் தோண்டி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். அதே தோரியத்தை ஒருநாள் அணுவுலையில் எரிபொருளாக மாற்ற வேண்டும் என்பது பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் கடைசிப் படி. அதற்கு நடுப்படி, எரிப்பதைவிட அதிக எரிபொருளைப் பிறப்பிக்கும் வேக ஈனுலை; அதன் ஆராய்ச்சிக்காகத்தான் கல்பாக்கத்தில் 1971-ல் தனி நிலையம் ஒன்று ஏற்பட்டு, பிற்பாடு இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கியது. 1985 அக்டோபரில் அங்கே சோதனை ஈனுலை மூண்டது. தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம் 233-ஐக் கொண்டு இயங்கும் காமினி என்ற சிற்றுலை 1996-ல் மூண்டது. 500 மெகாவாட் ஈனுலைக்கோ, 2004-ல் வேலை தொடங்கி உலையின் உள்ளகத்தை நிரப்ப ஆரம்பிப்பதற்கே 2024 மார்ச் ஆகிவிட்டது. திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாக உபயோகிப்பது அவ்வளவு சிரமமான காரியம்; காற்றுப்பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும் வஸ்து அது.

இனி எண்ணூருக்குத் திரும்புவோம். அணுசக்தியின் பிரயோஜனத்தைச் சபைகளில் பேசுகிறவர்கள் எண்களைக் கொண்டு பேசுகிறார்கள். நான் அதைச் சாம்பலைக் கொண்டு பேச விரும்புகிறேன். நம் தேசத்துக் கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு வரை சாம்பல். 3,500 டன் எரித்தால் 1,000 டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். எண்ணூர் நிலையம் வளர்ந்து 450 மெகாவாட் ஆயிற்று. ஆற்றுக்கு வடக்கே அத்திப்பட்டில் 1994 முதல் 1996 வரை மூன்று 210 மெகாவாட் யந்திரங்கள் கொண்ட வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. அதற்குமேல் இரண்டு 600 மெகாவாட் யந்திரங்கள் வந்தன. வல்லூரில் மூன்று 500 மெகாவாட் யந்திரங்கள் வந்தன. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துச் சேறாக்கிக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய்கள் துருப்பிடித்து ஒழுகின. ஒழுகியது கொசஸ்தலையாற்றில் கலந்து, வருஷக்கணக்கில் படிந்து, சதுப்புக் காடுகளின் வேர்களை மூடி, ஆற்றின் ஆழத்தையே குறைத்துவிட்டது.

காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கும் வித்தையில் தேர்ந்தவர், என்னிடம் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “முன்னெல்லாம் காலு வச்சா சேறு சார், சேத்துல எறா இருக்கும். இப்ப காலு வச்சா முழங்காலு மட்டும் சாம்பலு. சாம்பல்ல எறா எப்படி சார் இருக்கும்?” அனல் நிலையத்திலிருந்து வரும் சுடுநீரைப் பற்றியும் அவர் சொன்னார், வெள்ளத்தோடு ஏறிவரும் மீன் அந்தச் சூடு பட்டதும் திரும்பிவிடுகிறது என்றார். ஐம்பது வருஷம் அதே ஆற்றில் நின்ற கால் சொல்லும் சாட்சியம் அது. அதற்கு உறை போட்டுச் சீல் வைத்து யாரும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவில்லை என்பதனால் அது பொய்யாகிவிடாது.

சாம்பலுக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. கரியில் இயற்கையாகவே யுரேனியமும் தோரியமும் அற்பமாகக் கலந்திருக்கின்றன. கரி எரிந்த பின் அவை சாம்பலில் செறிந்து நிற்கின்றன. 1978-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தார், ஒழுங்காக நடக்கும் அணுமின் நிலையத்தின் புகைபோக்கியால் அக்கம்பக்கத்து ஜனங்கள் பெறும் கதிர்வீச்சைவிட, அதே அளவு மின்சாரம் தரும் கரி நிலையத்தின் புகையால் பெறுவது அதிகமாகவே இருக்கக்கூடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டும் மிகச் சிறிய அளவுகளே. ஆகையால் எண்ணூர்ச் சாம்பலில் பயப்பட வேண்டியது கதிரியக்கம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மூச்சில் நுழையும் நுண்தூளும், நீரில் கரையும் பாதரசம், ஆர்செனிக் முதலிய விஷ உலோகங்களுமே அங்கே பெரும் அபாயம். 2007-ல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையில் வந்த கட்டுரை ஒன்று, ஐரோப்பாவின் அனுபவத்தைக் கொண்டு, நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்குக் கரியால் நேரும் மரணங்கள் இருபத்துநான்குக்கு மேல் என்றும், அணுவால் நேருபவை ஒன்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றும் மதிப்பிட்டது. நம் தேசத்துக் கரியும் நம் தேசத்துப் புகைபோக்கிகளும் ஐரோப்பாவினுடையவற்றைவிட மேலானவை அல்ல.

கரியின் தூள் வடசென்னையில் எங்கே விழுகிறது என்பதற்கே ஒரு சரித்திரம் உண்டு. பட்டணத்து ஹார்பரில் கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிய நாட்களில் ராயபுரத்து மாடிகளில் உலர்த்திய துணி மாலையில் கறுத்திருக்கும். வடாம் போட்டால் கறுத்துவிடும். குழந்தைகள் இருமிக்கொண்டே வளர்ந்தன. ஜனங்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011-ஆம் வருஷம் சென்னை உயர்நீதிமன்றம், அக்டோபர் முதல் தேதியிலிருந்து அந்தத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. ராயபுரம் மூச்சுவிட்டது. கரி எங்கே போயிற்று? 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்து மாடியிலிருந்து இறங்கிய தூள் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் கரையின் சரித்திரத்தை இத்தனை அத்தியாயங்கள் எழுதிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: மின்சாரத்தின் பிரயோஜனம் கம்பி வழியே லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பரவுகிறது, அதன் பாரமோ பரவுவதில்லை, ஒரு குப்பத்திலிருந்து இன்னொரு குப்பத்துக்கு இடம் பெயர்கிறது. ஆகவே கரியிலிருந்து அணுவுக்குப் போவோம் என்று ஒருவர் சொன்னால், பாரம் எந்த ஊருக்குப் போகிறது, அது என்ன ரூபத்தில் போகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

கல்பாக்கத்திலே அது அபூர்வமான, கண்ணுக்குப் புலப்படாத ரூபத்தில் போயிற்று. சில சம்பவங்களைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் இரு உலைகளிலும் கனநீர் நுழையும் வாய்களில் உள்ளிருந்த பாகங்கள் பிளந்துபோய், 235 மெகாவாட்டாக இருந்த திறனை 170 ஆகக் குறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இயக்க நேர்ந்தது. குழாய்களையெல்லாம் மாற்றிய பிறகே 220 ஆகத் திறன் மீண்டது. 1999-ஆம் வருஷம் மார்ச் 26-ஆம் தேதி இரண்டாம் உலையில் சில டன் கனநீர் கொட்டிவிட்டது. உலைக்குள்ளே சுழன்ற கனநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் துடைத்தெடுப்பது சாதாரண வேலையல்ல. 2003-ஆம் வருஷம் ஜனவரி 21-ஆம் தேதி நடந்ததோ இவையெல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் வருத்துவது. எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் நிலையத்தில், வால்வு ஒன்று சரியாக மூடாததால், கடுங்கதிரியக்கமுள்ள கழிவு, லேசான கழிவு இருக்க வேண்டிய தொட்டிக்குள் புகுந்துவிட்டது. அதை அறியாமல் அந்தத் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர், ஒரு வருஷத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்க வேண்டிய அளவுகருவி பொருத்தப்படவில்லை. ஊழியர் சங்கம் குரல் எழுப்பியது. பத்திரிகைகளுக்கு விவரம் வந்தபோது ஆகஸ்டு மாதமாகிவிட்டது.

ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே கிடக்கும் அந்த ஆறேழு மாதங்கள்தான் அணுசக்தியின் அபாயங்களில் பெரியது என்று நான் கருதுகிறேன். வால்வு பழுதாவது எந்தத் தொழிற்சாலையிலும் உண்டு. பழுதை மறைக்கும் உரிமை மற்றத் தொழிற்சாலைகளுக்கு இல்லை. 1962-ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டமோ தகவல்களை வெளியிடாமல் தடுக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்திருந்தது. 1983 நவம்பரில் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தான் கண்காணிக்க வேண்டிய துறைக்கே கட்டுப்பட்டதாக இருக்கிறது, சுதந்திரமான சட்ட அந்தஸ்து அதற்கு இல்லை என்று 2012-ல் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை எடுத்துரைத்தது. விஞ்ஞானிகளின் யோக்கியதையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பரீட்சை எழுதுகிறவரே மதிப்பெண்ணும் போடுவதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நாம் சம்மதிப்பதில்லை.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வந்த கடற்கோள், காசிமேட்டுப் படகுகளைத் தெருவில் கொண்டுவந்து போட்ட அதே வேளையில், கல்பாக்கத்தையும் தாக்கியது. முதல் உலை புதுப்பிப்பு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது; இரண்டாவது இயங்கிக்கொண்டிருந்தது. கடலின் அடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாகக் குளிர்விக்கும் நீரைக் கொண்டுவரும் ஏற்பாட்டில், பம்ப் வீட்டிற்குள் நீர்மட்டம் திடீரென்று உயர்ந்து பம்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் உடனே உலையை நிறுத்தி, மாற்று ஏற்பாடுகளால் அதன் உஷ்ணத்தைத் தணித்துக் காப்பாற்றினார்கள். புயலலைகளை முன்னிட்டு உலைக் கட்டடத்தை உயரமான மட்டத்தில் நிறுவியிருந்த முன்யோசனை அன்றைக்குப் பலித்தது. ஒரு வாரத்தில் உலை மறுபடியும் இயங்கியது. ஆனால் ஊழியர் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் மனிதர்கள் மாண்டார்கள். உலையைக் காக்கச் செய்த யோசனையில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்கும் செலவாகியிருக்கலாகாதா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு.

நிறுத்திய உலையும் சூடாகவே இருக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அடுப்பிலிருந்து கரியை இழுத்துப் போட்டால் அடுப்பு ஆறிவிடும். பிளந்த அணுக்களின் மிச்சங்களோ தாமாகவே உஷ்ணத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும், நாட்கணக்கில் நீர் ஊற்றிக் குளிர்வித்தாக வேண்டும். 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் ஃபுகுஷிமாவில் கடலலை டீஸல் ஜெனரேட்டர்களை முழுகடித்ததால் அந்தக் குளிர்விப்பு நின்று, மூன்று உலைகளின் உள்ளிருந்தவை உருகி, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி வெடித்த செர்னோபிலின் பிரிப்யாட் நகரமோ இன்றுவரை காலியாகக் கிடக்கிறது. கரி கொல்லுவது சிறுகச் சிறுக, பெயர் தெரியாமல். அணு தவறினால் ஓர் ஊரையே அதன் பெயரோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. லான்செட் கணக்கில் முந்தையது பெரிதாகத் தெரிகிறது. தன் குப்பத்தையும் தன் கோயிலையும் தன் கடலையும் விட்டுப் போக வேண்டிய செம்படவருக்கு எந்தக் கணக்கு பெரிது என்பதை அவரைக் கேட்காமல் நாம் தீர்மானிக்க முடியாது.

ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் கண்ட அதே வருஷத்தில்தான் இடிந்தகரை மாதா கோயில் பந்தலில் கூடங்குளத்து அணுமின் நிலையத்துக்கு எதிராக மீனவப் பெண்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட அந்தத் திட்டத்தின் முதல் உலை 2013 ஜூலையில் மூண்டது. அந்தக் கதைக்குத் தனி நூலே வேண்டும். நம்முடைய கரைக்குச் சம்பந்தமான அளவில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்கள் கேட்டவற்றில் முதன்மையானது அறிக்கைகளைக் காட்டுங்கள் என்பதே. அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கானவர்கள்மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. இந்த விஷயத்தில் சர்க்கார் செய்தது பெரும் தவறு என்பதே என் முடிவான அபிப்பிராயம். உலை பத்திரமானது என்று ஒப்புக்கொள்பவர்களும் இதில் என்னோடு சேரலாம்.

எரிந்த கட்டுகள் என்னவாகின்றன? வருஷக்கணக்கில் நீர்த் தொட்டிகளில் ஆறிய பிறகு அவற்றைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சிய கடுங்கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி உறையவைத்துக் காவல் காக்கிறார்கள். அளவிலே அது சொற்பம். எண்ணூர்ச் சாம்பல் மலைகளோடு ஒப்பிட்டால் ஓர் அறைக்குள் அடங்கும். காலத்தில் அது சொற்பமல்ல. சீசியம் 137 பாதியாகக் குறைய முப்பது வருஷம். புளூட்டோனியம் 239-க்கு இருபத்துநாலாயிரம் வருஷம். கோக்ரேனின் கால்வாய் வெட்டி இருநூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள்ளே அதில் படகு ஓடியதைக் கண்டவர்கள் அருகிவிட்டார்கள்.

கல்பாக்கத்தைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டர் வட்டத்தில் ஆபத்துக் கால ஒத்திகை என்று ஒன்றை அவ்வப்போது நடத்துகிறார்கள். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது, எந்த ஊர் கதவடைத்து உள்ளே இருக்க வேண்டும், எந்த ஊரை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அயோடின் மாத்திரையை யார் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து குப்பத்துக் கிழவிக்கு எவ்வளவு எட்டியிருக்கிறது என்பது வேறு விஷயம், எழுத்தாவது இருக்கிறது. எண்ணூரில் 450 மெகாவாட் நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதி நின்றுவிட்ட பிறகும், உரமும் எண்ணெயும் வாயுவும் கையாளும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. கடற்கோள் வந்து சரியாகப் பத்தொன்பது வருஷம் நிறைந்த நாளில், 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்துக்குள் பரவியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மூக்கைத் துளைத்த அந்த நெடியே முதல் அறிவிப்பாயிற்று. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஜனங்கள் நெடுஞ்சாலைக்கு ஓடிவந்தார்கள். வந்த பிறகு வடக்கே போவதா தெற்கே போவதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு இருட்டில் நின்றார்கள்.